சென்னை – கன்னியாகுமரி சைக்கிள் பயணம்: அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு நிதி திரட்ட யோசனை வேண்டும்

தாம்பரம் சைக்கிள்காரன்

வணக்கம். மூன்று வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில்தான் வைத்தியம். இப்போது நன்றாக இருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பலர் பஸ் காசுக்கே கடன் வாங்கி வந்தவர்கள். அவர்கள் முகம் மனதைவிட்டுப் போகவில்லை.

பொங்கல் லீவில் சைக்கிளில் கன்னியாகுமரி போய், 2 லட்சம் திரட்டிக் கொடுக்க ஆசை. ஹைப்ரிட் சைக்கிள் இருக்கிறது. இதுவரை அதிகம் ஓட்டியது மாமல்லபுரம் போய்த் திரும்பியதுதான். பணத்தை என் ஜிபே நம்பரில் வாங்கி மொத்தமாகக் கட்டலாமா? லாட்ஜ், சாப்பாட்டுச் செலவை அதில் எடுக்கலாமா? எல்லாவற்றையும்விட, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்?

மேலூர்க்காரி

தம்பி, இரண்டு வருடம் முன்பு இதே ரோட்டில், இதே ஆஸ்பத்திரிக்காக ஓட்டினேன். என் தம்பிக்காக. அவன் இப்போது இல்லை.

உங்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். முதல் இரண்டு நாள் நான் வாங்கினேன். 23 பேர் அனுப்பிய பணம் பால்காரர் கணக்கோடும் வீட்டு வாடகையோடும் கலந்துவிட்டது. நோட்டுப் போட்டுப் பிரிக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியின் கணக்கு எண்ணை மட்டும் கொடுத்தேன். கட்டியவர்கள் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள், நான் எழுதிக்கொள்வேன். புறப்படுவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, அவர்கள் பேரைப் பயன்படுத்த அனுமதி வாங்கிவிடுங்கள். செலவு முழுக்க உங்கள் கைக்காசு. அதை முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்பது பற்றி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன, பணம் போட்டவர்கள் நான்கு பேர். பிறகு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், மொத்தம் 700. யார் பேரைச் சொல்லி ஓட்டட்டும்?" இந்த இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் ஒரு பேர் வரும். பதினோரு வருடம் என்னோடு வேலை பார்த்தவர், அன்றுதான் தன் அக்கா பேரைச் சொன்னார். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர்தானே. அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954-ல் 12 படுக்கைகளோடு இந்த ஆஸ்பத்திரி வந்தது. போனில் அதையும் சொல்வேன்.

வந்த பேர்களை வெள்ளைத் துணியில் மார்க்கரால் எழுதி, கேரியர் பைக்குப் பின்னால் தைத்துக்கொண்டேன். பாடாலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, கடைக்காரர் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, குனிந்து, விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தார். கடைசிப் பேர் வந்ததும், "இடம் இருக்கா?" என்றார். தன் மனைவி பேர். மார்க்கரை நீட்டினேன், அவரே எழுதினார்.

திருச்சி ஆடிட்டர் ஆபீஸ்

அக்கா சொன்னதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு வாங்க உதவும் 80ஜி ரசீது, யார் கணக்கிலிருந்து பணம் போகிறதோ அவர் பேருக்குத்தான், பான் எண்ணோடு. நீங்கள் சேர்த்துக் கட்டினால் கொடுத்தவர்களுக்குக் கிடைக்காது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது, முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தாம்பரம் சைக்கிள்காரன்

இருவருக்கும் ரொம்ப நன்றி. சிங்கப்பூரில் இருக்கும் பெரியம்மா மகள் 500 டாலர் தருகிறேன் என்கிறாள். அதை எப்படி வாங்குவது?

திருச்சி ஆடிட்டர் ஆபீஸ்

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் வங்கி வழியாக நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், அது வெளிநாட்டு நிதி ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியிருந்தால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். அதற்கென்று டெல்லி எஸ்பிஐ-யில் உள்ள தனிக் கணக்குக்குத்தான் போகவேண்டும். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் கைக்கு வரவே கூடாது.

மேலூர்க்காரி

ஒன்று மறந்துவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் புறப்படாதீர்கள். பாதிச் சென்னை அந்த இரண்டு நாளில் ஜிஎஸ்டி ரோட்டில்தான் நிற்கும், மேல்மருவத்தூர் இருமுடி பஸ்கள் வேறு. பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்புங்கள். வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும். இதே ரோட்டில் ஆனி, ஆடியில் போனால் கயத்தாறு தாண்டிக் காற்று சைக்கிளையே புரட்டப் பார்க்கும். திண்டிவனம் பக்கம் விடியற்காலையில் பனிமூட்டம் இருக்கும், வெளிச்சம் வந்தபிறகு ஏறுங்கள்.

பயிற்சிக்கு மேல்மருவத்தூர் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் வரும். சனிக்கிழமை ஓட்டிவிட்டு ஞாயிறும் ஓட்டுங்கள். சீட் சரியில்லை என்றால் இரண்டாம் நாள் தெரிந்துவிடும்.

மேலூரில் அம்மா வீடு நான்குவழிச்சாலைக்குப் பக்கத்தில்தான், ராத்திரி தங்கிக்கொள்ளலாம். தேதி முடிவானதும் எழுதுங்கள். என் 700 ரூபாயை இன்றே கட்டிவிடுகிறேன். துணியில் எழுத வேண்டிய பேரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.