வீட்டில் பீர் செய்ய முதல் கிட்: எதை வாங்கலாம்? (மெல்பர்ன்)

குமரன்_டாண்டினாங்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே பீர் செய்து பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இப்போது கராஜில் ஒரு மூலை ஒழிந்திருக்கிறது, மனைவியும் சரி சொல்லிவிட்டாள். எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

பிக் டபிள்யூ கடையில் கூப்பர்ஸ் கம்பெனியின் பீர் கிட் பெட்டி ஒன்று பார்த்தேன். ஃபெர்மென்டர் (நொதிக்க வைக்கும் பாத்திரம்), பாட்டில்கள், லாகர் டப்பா எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. சரி, ஹோம்ப்ரூ கடையிலும் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனால், அங்கே சுவர் முழுக்க டப்பாக்கள். கூப்பர்ஸ், மார்கன்ஸ், பிளாக் ராக், மாங்க்ரோவ் ஜாக்ஸ் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். கடைக்காரர் பார்லி தானியத்திலிருந்தே தொடங்கும் கிட்டைக் காட்டி, "சுவை வேண்டுமென்றால் இதுதான்" என்கிறார். அதற்குப் பெரிய கொப்பரை வேறு வாங்க வேண்டுமாம்.

எனக்குப் பிடித்தது லேசான, சுத்தமான லாகர். ஊரில் கிங்ஃபிஷர் குடித்துப் பழகிய நாக்கு. செலவு 150 டாலருக்குள் முடிந்தால் நல்லது. இந்த பிப்ரவரி வெயிலில் கராஜ் பகலில் 28, 30 டிகிரி வரை போகிறது, இரவில் 16க்கு இறங்கிவிடுகிறது. அது ஒரு பிரச்சினையா? பெட்டியில் வரும் லாகர் டப்பாவையே போட்டால் லாகர் வருமா?

அடிலெய்டு_சேகரன்:

குமரன், நீங்கள் கடைசியில் கேட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் கராஜ் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த டப்பா என்பதில் பாதி முடிவாகிவிடும். நான் ஒவ்வொரு பருவத்துக்கும் வேறு வேறு டப்பா வாங்குகிறவன். பிப்ரவரியில் லாகர் பக்கம் போகவே மாட்டேன்.

அந்த 1.7 கிலோ டப்பாவில் இருப்பது மால்ட் சாறு. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் சேர்த்து, தண்ணீரைச் சுண்ட வைத்து அடைத்திருக்கிறார்கள். கொதிக்க வைக்கும் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. நாம் தண்ணீர் விட்டு 23 லிட்டராக்கி ஈஸ்ட் போடுகிறோம், அவ்வளவுதான். சாற்றைப் பீராக்குவது ஈஸ்ட், அதற்குச் சூடு ஒத்துக்கொள்ள வேண்டும். உண்மையான லாகர் ஈஸ்ட்டுக்கு 10 முதல் 14 டிகிரி வேண்டும். ஏல் என்பது கொஞ்சம் கூடுதல் சூட்டில் நொதிக்கும் பீர் வகை, அந்த ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22. டப்பா மேல் 'லாகர்' என்று போட்டிருந்தாலும் மூடிக்குக் கீழே இருக்கும் பொட்டலம் பெரும்பாலும் ஏல் ஈஸ்ட்தான், ஏனென்றால் வீட்டில் யாரிடமும் 12 டிகிரி அறை கிடையாது. இது நமக்கு நல்லதுதான். 18, 19 டிகிரியில் வைத்தால் கிங்ஃபிஷருக்குப் பக்கத்தில் வரும் சுத்தமான பீர் அதிலேயே கிடைக்கும். அதே ஈஸ்ட்டை 28 டிகிரியில் விட்டால் வாழைப்பழ வாசனை, நெயில் பாலிஷ் வாசனை எல்லாம் ஏறிவிடும். அப்புறம் எத்தனை மாதம் வைத்தாலும் அது முழுசாகப் போகாது. இன்னொன்று, நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூடு கிளப்பும். கராஜ் 24 என்றால் ஃபெர்மென்டர் உள்ளே 26, 27 இருக்கும். முதல் மூன்று நாள் சூட்டைக் கட்டுப்படுத்திவிட்டால் மீதி தானாக நடக்கும்.

பெட்டியைப் பொறுத்தவரை பிக் டபிள்யூவில் பார்த்த கூப்பர்ஸையே எடுங்கள். எங்கள் ஊர் கம்பெனி என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்களும் வருகின்றன, முதல் முறைக்கு அதுதான் பெரிய விஷயம். பாட்டிலை அமுக்கிப் பார்த்தே கேஸ் ஏறிவிட்டதா என்று சொல்லிவிடலாம். எங்காவது கணக்குத் தப்பினாலும் பிளாஸ்டிக் உப்பி நிற்கும். கண்ணாடி என்றால் வெடித்துச் சில்லுச் சில்லாகப் பறக்கும். தானிய கிட் நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் சுத்தம், வெப்பநிலை, பாட்டில் அடைப்பது மூன்றும் கைக்கு வந்த பிறகு அதற்குப் போங்கள்.

டப்பாவைத் தனியாக வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் தலைகீழாகத் திருப்பித் தேதியைப் பாருங்கள். மால்ட் சாறு பழசானால் நிறம் கருக்கும், ஹாப்ஸ் வாசனை போய்விடும், ஈஸ்ட்டும் வலு இழக்கும். ஜன்னலோர அலமாரியில் வெயில் பட்டு நிற்கும் டப்பாவை நான் தொடவே மாட்டேன். நிறைய விற்கும் கடையில் சாதாரண டப்பா வாங்குவது, விற்காத கடையில் விலை உயர்ந்த டப்பா வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது டப்பாவோடு என்ன சேர்ப்பது. என்னைக் கேட்டால் பிராண்டைவிட இதுதான் சுவையை முடிவு செய்கிறது. டப்பாவில் உள்ள சாறு மட்டும் 23 லிட்டருக்குப் போதாது, இன்னும் ஒரு கிலோ வேண்டும். அந்த ஒரு கிலோவும் வெள்ளைச் சர்க்கரையாக இருந்தால் பீர் தண்ணீர் மாதிரி மெலிந்துவிடும், ஆப்பிள் வாடையும் அடிக்கலாம். எல்லாம் உலர் மால்ட் தூளாகப் போட்டால் கனமாக வரும். உங்களுக்கு லேசாக வேண்டும் என்பதால் அரைக் கிலோ டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை), அரைக் கிலோ லைட் மால்ட் தூள். இந்த இரண்டையும் பீருக்குக் கனம் தரும் மால்டோடெக்ஸ்ட்ரின் தூளோடு கலந்து ப்ரூ என்ஹான்சர் 2 என்று ஒரு பொட்டலம் வருகிறது, அதுவும் சரி.

செய்யும் நாளில் டப்பாவைப் பத்து நிமிடம் வெந்நீரில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சாறு டப்பாவை விட்டு இறங்காது. மூடியை வெட்டியதும் ஒரு வாசனை வரும் பாருங்கள், சின்ன வயதில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்த மாதிரியே இருக்கும். அதுவும் மால்ட்தானே. கடைசியில் டப்பாவுக்குள் கொஞ்சம் வெந்நீர் விட்டு, துணியால் பிடித்துச் சுழற்றி ஊற்றினால் ஒட்டியது எல்லாம் வந்துவிடும். மறுநாள் மூடியோரமாகப் பாருங்கள். பழுப்பும் வெள்ளையுமாக நுரை தடித்து ஏறியிருக்கும். அந்த நுரை தானாக அடங்கிய பிறகும் அவசரம் வேண்டாம்.

சட்டத்தில் சிக்கல் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் செய்யலாம், ஆனால் விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கும் வேலைக்கு மட்டும் போய்விடாதீர்கள், அதற்கு லைசென்ஸ் வேண்டும்.

நல்லூரான்:

குமரன் தம்பி, சேகரன் அண்ணை சொன்னது முழுக்கச் சரி. ஆனால் முதல் தரமே லேசான லாகர் செய்ய வெளிக்கிடாதீர்கள். லேசான பீரில் சின்னப் பிழையும் ஒளிய இடமில்லாமல் நாக்கில் நிற்கும். ஸ்டவுட் என்ற கறுப்புப் பீர் செய்யுங்கோ. வறுத்த மால்ட்டின் கோப்பி மணம் எவ்வளவோ குறையை மூடிவிடும்.

நான் இந்த வழிக்கு வந்ததே இலங்கையின் லயன் ஸ்டவுட்டால்தான். ஊரில் அதைக் குடித்தவர்களுக்குத் தெரியும், ஆல்கஹால் 8 வீதத்துக்கு மேலே, கறுப்பாக, தொண்டையில் இறங்கும்போது சொக்லேட் மாதிரி ஒரு இதம். சிட்னியில் அதைத் தேடி அலைவதைவிட வீட்டில் கிட்ட வரப் பார்ப்போம் என்று தொடங்கினேன். இங்குள்ள வெள்ளைக்காரர் டூக்கன் என்று ஒரு முறை சொல்வார்கள், இரண்டு டப்பாவை ஒரே ஃபெர்மென்டரில் போடுவது. கூப்பர்ஸ் ஸ்டவுட் ஒன்று, டார்க் ஏல் ஒன்று. இரண்டும் ஸ்டவுட்டாகப் போட்டால் கசப்பு தாங்க ஏலாது. அதோடு இலங்கைக் கடையில் விற்கும் கித்துள் (கூந்தல்பனை) கருப்பட்டி ஒரு 300 கிராம், வெந்நீரில் கரைத்து, வடிகட்டி விடுவேன். அதன் இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும். அந்தப் புகை கலந்த மணம் மட்டும் மிஞ்சும். அதுக்காகத்தான் போடுறது.

ஒரு கவனம். ஸ்டவுட் நுரை பொங்கும். 30 லிட்டர் ஃபெர்மென்டரில் 23 லிட்டர் ஊற்றினாலும் மூடிக்கு மேலே வரும். எனவே 20, 21 லிட்டரோடு நிறுத்துங்கோ, கீழே ஒரு பெரிய தட்டும் வையுங்கோ. போத்தலில் அடைத்தபின் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும். முதல் மாதத்தில் திறந்து குடித்துவிட்டு "கசக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள்.

செல்வி_பிரிஸ்பன்:

பிப்ரவரியில் செய்யாதே, ஸ்டவுட் செய் என்று சொல்லிக்கொண்டே போனால் எங்களை மாதிரி குயின்ஸ்லாந்துக்காரர்கள் வருடத்தில் பாதி நாள் சும்மாதான் இருக்க வேண்டும். சூடு ஒத்துக்கொள்ளும் ஈஸ்ட்டைத் தேடுவது இன்னொரு வழி.

நார்வே கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த க்வைக் என்ற ஈஸ்ட் இப்போது உலர்ந்த பொட்டலமாகவே கிடைக்கிறது. லாலெமாண்ட் வாஸ் என்று கேளுங்கள். 25 டிகிரியிலிருந்து 40 வரை தாங்கும். நான் 35ஐ ஒட்டி வைப்பேன். மற்ற ஈஸ்ட் கெட்டுப்போகும் அந்தச் சூட்டில் இது லேசான ஆரஞ்சுத் தோல் மணத்தோடு, ரொம்ப சீக்கிரமாக வேலையை முடித்துவிடும். லாகர் சுவை வராது, அது உண்மை. ஆனால் பேல் ஏல் டப்பாவோடு அருமையாகப் பொருந்தும். டப்பாவில் வரும் ஈஸ்ட்டைக் கொதிநீரில் போட்டுவிடுங்கள், புது ஈஸ்ட்டுக்கு உணவாகும். குமரன், உங்கள் கராஜ் இரவில் 16க்கு இறங்குகிறது என்றீர்களே, க்வைக்குக்கு அது குளிர். ஃபெர்மென்டரைப் போர்வையால் சுற்றி வீட்டுக்குள் வைத்தால் சரியாக இருக்கும்.

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை. குழாய்த் தண்ணீரில் வெறும் குளோரின் என்றால் ஒரு இரவு திறந்து வைத்தாலே போய்விடும். சில ஊர்களில் குளோரமின் சேர்க்கிறார்கள், அது அப்படிப் போகாது. பீரில் பேண்ட்எய்ட் வாசனை வந்தால் அதுதான் காரணமாக இருக்கும். சோடியம் மெட்டாபைசல்பைட் சிட்டிகை அளவு போட்டால் தீர்ந்தது.

கழுவுவதற்குச் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் வாசனை இல்லாத சோடியம் பெர்கார்பனேட் போதும். அதன் பிறகு அலச வேண்டாத சானிடைசர் ஒன்று. ஃபெர்மென்டரின் குழாயைக் கழற்றி உள்பக்கம் கழுவுங்கள். கெட்டுப்போவதெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

மாம்பலம்_ரவி:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். மச்சான் மெல்பர்னில் இருக்கிறான். வரும்போது ஒரு டப்பா கொண்டுவரச் சொன்னால் சென்னையில் செய்யலாமா?

அடிலெய்டு_சேகரன்:

வேண்டாம் ரவி. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது செய்வது குற்றம், பீர் என்றாலும் அதேதான். மச்சானைப் பார்க்க நீங்கள் இங்கே வாருங்கள்.

குமரன்_டாண்டினாங்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கூப்பர்ஸ் பெட்டியை வாங்கிவிட்டேன், தேதி பார்த்துத்தான் எடுத்தேன். நல்லூரான் அண்ணா, ஸ்டவுட் இரண்டாவது முறைக்கு என்று வைத்திருக்கிறேன், கித்துள் கருப்பட்டி இங்கே தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது.

இரண்டு சந்தேகம் மட்டும். பக்கத்துத் தெருவில் ஹார்ட் ரப்பிஷில் (வேண்டாத பெரிய சாமான்களை வெளியே வைப்பது) ஒரு பழைய ஃபிரிட்ஜ் வெளியே வைத்திருக்கிறார்கள், ஓடுகிறதாம். ஃபெர்மென்டரைக் குளிர்ச்சியாக வைக்க அதை எடுக்கலாமா, இல்லை ஈரத் துண்டு சுற்றினாலே போதுமா? அப்புறம், நொதித்து முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடிலெய்டு_சேகரன்:

யாராவது தூக்கிப்போகும் முன் ஓடிப்போய் எடுங்கள்! உள்ளே ஃபெர்மென்டர் நிற்கிற உயரம் இருக்கிறதா, கதவு ரப்பர் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இங்க்பேர்ட் மாதிரி ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரை இடையில் மாட்டி, அதன் உணர்கம்பியை ஃபெர்மென்டரின் பக்கவாட்டில் வைத்து, மேலே மடித்த துணி வைத்து டேப் ஒட்டுங்கள். காற்றின் சூட்டைக் காட்டாமல் பீரின் சூட்டைக் காட்டும். 18 என்று வைத்துவிட்டால் கராஜ் எப்படிப் போனாலும் கவலை இல்லை. பிற்பாடு உண்மையான லாகர் ஈஸ்ட் போட ஆசை வந்தாலும் இதே ஃபிரிட்ஜில் 12 வைத்துச் செய்யலாம்.

அது கைக்கு வரும்வரை ஈரத் துண்டு போதும். அகலமான தொட்டியில் ஒரு சாண் தண்ணீர், அதற்குள் ஃபெர்மென்டர், மேலே பழைய டி ஷர்ட், நுனி தண்ணீரில் தொங்க வேண்டும். ஐஸாக உறைய வைத்த பாட்டில் ஒன்று காலை, ஒன்று மாலை. மெல்பர்ன் காற்று வறண்டது என்பதால் நன்றாக வேலை செய்யும். செல்வி ஊரில் இது அவ்வளவு எடுபடாது.

முடிந்ததா என்று குமிழியை வைத்துச் சொல்ல முடியாது, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி. ஈஸ்ட் போடும் முன் ஒரு முறை எடுங்கள், 1.040 ஒட்டி வரும். ஒரு வாரத்துக்குப் பிறகு மறுபடி எடுங்கள், 1.010 பக்கம் நிற்கும். இரண்டு நாள் விட்டு மறுபடி பாருங்கள். அதே எண் என்றால் முடிந்தது. எண் இறங்கினால் இன்னும் பொறுங்கள், அப்போது பாட்டிலில் அடைத்தால்தான் வெடிக்கும். முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு கிடைக்கும். மேலே சொன்ன எண்களுக்கு 3.9 வரும், பாட்டிலில் போடும் சர்க்கரையால் இன்னும் அரை ஏறும்.

740 மில்லி பாட்டிலுக்குக் கார்பனேஷன் டிராப்ஸ் (கேஸ் ஏற்றும் சர்க்கரை வில்லை) இரண்டு. இரண்டு வாரம் அறைச் சூட்டில், இருட்டில் வையுங்கள். நேராக ஃபிரிட்ஜில் வைத்தால் கேஸ் ஏறாது. முதல் ஹைட்ரோமீட்டர் எண்ணை எடுத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.