புதுப்பிப்பு: மெமோ வாங்கிய தோழியின் விஷயம்

இரவுப் பணிக்கு ஆள் போதவில்லை என்று தன் சமூக ஊடகப் பக்கத்தில் எழுதியதற்காக என் தோழிக்கு மெமோ வந்ததைச் சொல்லியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. விசாரணை முடிந்தது. வேலை தப்பியது, ஆனால் எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் ஏறிவிட்டது. அதில் ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்’ என்று இருக்கிறதே தவிர, அவள் எழுதியதில் எந்த வரி பொய் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

பேச்சுரிமை இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல. பள்ளி நிர்வாகத்தை விமர்சித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதற்காக வேலையிழந்து, 1968-இல் பிக்கரிங் வழக்கில் ஜெயித்தவரும் அரசுப் பள்ளி ஆசிரியர்தான், தனியார் ஊழியர் அல்ல. ஐரோப்பா கொஞ்சம் பரவாயில்லை: ஆள் பற்றாக்குறை பற்றிப் புகார் கொடுத்த ஜெர்மன் செவிலியரை வேலையைவிட்டு நீக்கியது கருத்துரிமை மீறல் என்று 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்புறம், பதிவை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் நீக்கவில்லை, மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறாள்.