பணம் அனுப்பியாகிவிட்டது, மகளின் கல்லூரிக் கணக்கில் பாக்கி அப்படியே நிற்கிறது: உதவி தேவை

திண்டுக்கல் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இந்த 2025 ஆகஸ்டில் எம்.எஸ். சேர்ந்திருக்கிறாள். முதல் செமஸ்டர் கட்டணத்துக்காக ஆகஸ்ட் 5 அன்று எங்கள் வங்கிக் கிளை வழியாக 12,000 டாலர் அனுப்பினேன். முழுவதும் என் சொந்தச் சேமிப்பு. டாலருக்கு 88 ரூபாய் கணக்கிட்டார்கள். அதற்கு மேல் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) என்று 2,800 ரூபாய் பிடித்தார்கள்.

கட்டணம் செலுத்தக் கடைசி நாள் 15. இன்று தேதி 20. மகளின் கணக்கில் ஒரு டாலர்கூட வரவாகவில்லை. கிளையில் கேட்டால் "எங்களிடமிருந்து போய்விட்டது, அங்கே விசாரியுங்கள்" என்கிறார்கள். மகள் அங்கே விசாரித்தால் "உங்கள் பெயரில் எதுவும் வரவில்லை" என்கிறார்கள். இதற்கிடையில் தாமதக் கட்டணம் ஏறிவிட்டது. கணக்கின் மேல் "ஹோல்ட்" (முடக்கம்) என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. 29ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் பாடப்பதிவு ரத்தாகும் என்று மின்னஞ்சலும் வந்திருக்கிறது.

மகள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

டியூஷன், 9 கிரெடிட் (ஒன்றுக்கு 1,240): 11,160
கட்டாயக் கட்டணங்கள்: 742
வெளிநாட்டு மாணவர் சேவைக் கட்டணம்: 150
மாணவர் மருத்துவக் காப்பீடு: 1,386
சேர்க்கை முன்பணம்: −500
தாமதக் கட்டணம்: 100
பாக்கி: 13,038
பெண்டிங் எய்ட்: 2,000

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தில் ஆண்டுக்கு டியூஷன் 24,000 டாலர் என்று இருந்தது. அதில் பாதி 12,000 என்று கணக்கிட்டுத்தான் அனுப்பினேன். இப்போது 13,038 என்கிறார்கள். மீதி 1,038 டாலரை நாளையே அனுப்பிவிடலாமா? அதற்கு நகையை வைக்க வேண்டியிருக்கும். ஒரு பாடத்தை (3 கிரெடிட்) விட்டுவிட்டால் 3,720 டாலர் குறையும் என்றும் மகள் சொல்கிறாள். அது சரியா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒஹாயோ மாணவன்:

வணக்கம் அம்மா. முதலில் ஒன்று: பாடத்தை விடவே கூடாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் முழுநேர மாணவராகப் பதிந்திருக்க வேண்டும். உங்கள் மகளின் முதுநிலைப் படிப்புக்கு அது 9 கிரெடிட்டாகத்தான் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். 6-க்கு இறங்கினால் பணம் மிச்சமாகும், விசா நிலை போய்விடும். பாக்கிக்காகப் பல்கலைக்கழகமே பதிவை ரத்து செய்தாலும் அதே ஆபத்துதான். அதனால் 29ஆம் தேதிச் சிக்கலை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் மகள் இன்றே சொல்லி வைக்கட்டும். பணம் வழியில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களே கட்டணப் பிரிவுடன் பேசுவார்கள்.

இரண்டாவது, நகையை வைக்காதீர்கள். 13,038 என்பது நீங்கள் கட்ட வேண்டிய தொகை அன்று. கடைசி வரியைப் பாருங்கள்: பெண்டிங் எய்ட் 2,000. துறையிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ மகளுக்கு உதவித்தொகை அறிவித்திருக்கிறார்கள். அது இன்னும் பாக்கியிலிருந்து கழிக்கப்படவில்லை, ஓரமாக நிற்கிறது. இப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், மாணவர் "ஏற்கிறேன்" என்று பொத்தானை அழுத்தாததுதான். கட்டணப் பக்கத்தில் அந்தப் பொத்தான் இருக்காது, நிதியுதவிப் பக்கத்தில் இருக்கும். சேர்க்கைக் கடிதத்தில் 2,000 டாலர் பற்றி ஏதாவது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

ஐ-20 பற்றி: அதில் இருப்பது விசாவுக்காகப் போட்ட ஓராண்டு மதிப்பீடு. பில் என்பது ஒரு செமஸ்டருக்கு, பதிந்த கிரெடிட்டுக்கு, உண்மையாக விதித்த தொகை. ஒன்றைப் பாதியாக்கினால் மற்றது வராது. கட்டாயக் கட்டணங்கள், காப்பீடு எல்லாம் தனித்தனி வரிகளாக ஏறும். காப்பீட்டைத் தானாகவே சேர்த்துவிடுவார்கள். அதற்கு ஈடான வேறு காப்பீடு இருந்தால் விலக்கு கேட்கலாம். ஆனால் ஊரில் வாங்கிய பயணக் காப்பீட்டைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அந்த 1,386 போய்விடும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

கோவை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

டீச்சர், அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் பணம் தொலையவில்லை. யாருடையது என்று தெரியாமல் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்கிலேயே கிடக்க வாய்ப்பு அதிகம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் பணம் வந்து குவியும். மாணவர் எண் இல்லாமல் வருகிற தொகையை அடையாளம் தெரியாத வரவு என்று தனியாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அனுப்புநராக உங்கள் பெயர் இருக்கும். மகளின் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நாளை காலை கிளைக்குப் போய் "எம்டி103 நகல் கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். உங்களிடம் இப்போது இருக்கும் ரசீது போதாது. எம்டி103 என்பது வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் போன செய்தியின் முழு நகல். "கிடைக்காது, தலைமை அலுவலகத்தில்தான் இருக்கும்" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். கிளை மேலாளரே அதைத் தருவித்துக் கொடுக்க முடியும். கையில் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். பிரிவு 70-இல் மாணவர் எண்ணும் மகளின் பெயரும் இருக்கின்றனவா? அதில் 35 எழுத்து கொண்ட நான்கு வரி இடம் உண்டு, தாராளமாகப் போதும். பிரிவு 71ஏ-இல் செலவு யார் தலையில் என்று போட்டிருக்கிறது? யூஇடிஆர் என்ற 36 எழுத்துக் குறியீடு எது? அந்தக் குறியீட்டை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று கிளையிலேயே பார்த்துச் சொல்ல முடியும்.

டிசிஎஸ் 2,800 சரியான கணக்குதான். இந்த நிதியாண்டில், அதாவது 2025 ஏப்ரல் முதல், ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகையில் 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. படிப்புக்காகச் சொந்தப் பணத்தை அனுப்பினால் அதற்கு மேற்பட்டதில் 5 விழுக்காடு. நீங்கள் அனுப்பியது 10,56,000 ரூபாய். மேலே போன 56,000-க்கு 2,800. இது செலவில்லை, உங்கள் பான் எண்ணில் வரவாகி நிற்கும் வரி. உங்கள் வரி வரவுகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் தெரியும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

திண்டுக்கல் டீச்சர்:

இருவருக்கும் நன்றி. கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது. எம்டி103 இன்று மாலை கிடைத்தது. மேலாளர் உதவினார். பிரிவு 70-இல் "கல்விக் கட்டணம்" என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல். மகளின் பெயரும் இல்லை, மாணவர் எண்ணும் இல்லை. நான் கொடுத்த விண்ணப்பத்தில் இரண்டையும் தெளிவாக எழுதியிருந்தேன். நகல் என்னிடம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவத்தோடு கொடுத்த பில்லிலும் இருந்தது. கணினியில் ஏற்றும்போது விட்டுவிட்டார்கள். 71ஏ-இல் எஸ்எச்ஏ, அதாவது செலவை இரு தரப்பும் பகிர்வது என்று இருக்கிறது. யூஇடிஆர் குறியீட்டை வைத்துப் பார்த்ததில், பணம் ஆகஸ்ட் 7 அன்றே அங்குள்ள வங்கியில் வரவாகிவிட்டதாகவும் காட்டுகிறது.

நானே பல்கலைக்கழகத்தின் கட்டண அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மகளின் கணக்கைப் பற்றி என்னிடம் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பணம் கட்டுகிற தாயிடமே பேச மாட்டார்களா?

ஒஹாயோ மாணவன்:

பேச மாட்டார்கள் அம்மா. 1974 முதல் ஃபெர்பா என்று ஒரு சட்டம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு மாணவரின் கல்விப் பதிவுகள் மாணவருக்கே உரியவை. கட்டணக் கணக்கும் அதில் அடக்கம். யார் பணம் கட்டுகிறார்கள் என்பது கணக்கில்லை. உங்களைக் குறைத்து மதிப்பிட்டதாக நினைக்க வேண்டாம். மகள் தன் கணக்கில் நுழைந்து உங்களை "அனுமதி பெற்ற பயனர்" என்று சேர்த்துவிட்டால், பில்லை நீங்களே உங்கள் பெயரில் நுழைந்து பார்க்கலாம். தொலைபேசியில் பேசவும் வேண்டுமென்றால் சில இடங்களில் தனி ஒப்புதல் படிவம் கேட்பார்கள்.

இப்போது மின்னஞ்சலை மகள்தான் அனுப்ப வேண்டும், பல்கலைக்கழக முகவரியிலிருந்து. நீளமாக எழுத வேண்டாம். என் மாணவர் எண் இது, என் தாயின் பெயரில் இந்தத் தேதியில் 12,000 டாலர் அனுப்பப்பட்டது, ஆகஸ்ட் 7 அன்று உங்கள் வங்கியில் சேர்ந்துவிட்டது, எம்டி103 இணைத்திருக்கிறேன், என் கணக்கில் வரவு வையுங்கள், கடைசி நாளுக்கு முன்பே பணம் வந்துவிட்டதால் தாமதக் கட்டணத்தையும் ஹோல்டையும் நீக்குங்கள். இவ்வளவு போதும். வங்கியின் விட்டுப்போன வரியைப் பற்றியெல்லாம் அங்கே விளக்க வேண்டாம். அவர்களுக்குத் தேவை தேதியும் தொகையும் எண்ணும்தான்.

மின்னஞ்சல் போனதும் நேரிலும் போய் நிற்கச் சொல்லுங்கள். செமஸ்டர் தொடக்கத்தில் அந்த அலுவலகத்தில் மின்னஞ்சல்கள் மலைபோல் குவிந்திருக்கும். எம்டி103-ஐ அச்சிட்டுக் கையில் கொண்டுபோவது நல்லது.

தென்காசி அப்பா:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனும் இதே நிலையில் இருக்கிறான். அவனுடைய மாணவர் குழு ஒன்றில் ஒருவர், "டியூஷனை நான் கட்டிவிடுகிறேன், கணக்கில் வரவானதைப் பார்த்த பிறகு 5 விழுக்காடு குறைத்து எனக்கு ரூபாயில் கொடுங்கள்" என்கிறாராம். வரவானதைப் பார்த்த பிறகுதானே கொடுக்கிறோம், இதில் ஆபத்து உண்டா?

கோவை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

ஐயா, தயவுசெய்து வேண்டாம். திருடிய கடன் அட்டையில் கட்டுவார்கள். கணக்கில் பாக்கி பூஜ்யம் என்று காட்டும். நீங்கள் நம்பிப் பணத்தைக் கொடுப்பீர்கள். சில வாரங்களில் அட்டையின் உண்மையான சொந்தக்காரர் புகார் செய்ததும் அந்தத் தொகை திரும்பப் போய்விடும். முழுப் பாக்கியும் மீண்டும் ஏறும்; மகன் மோசடி விசாரணையிலும் நிற்க வேண்டிவரும். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்தே இது நடக்கிறது, பல்கலைக்கழகங்களே எச்சரிக்கை வெளியிடுகின்றன. டியூஷனில் யாராலும் தள்ளுபடி வாங்கித் தர முடியாது. கைக்குத் தொகை போதவில்லை என்றால் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே தவணைத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் வட்டி இல்லாமல், சிறிய பதிவுக் கட்டணத்துடன் ஒரு செமஸ்டர் தொகையை நான்கைந்து தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

திண்டுக்கல் டீச்சர்:

நல்ல செய்தி! மகள் நேரில் போனாள். கவுன்டரில் இருந்த அம்மையார் எம்டி103-ஐப் பார்த்து, அடையாளம் தெரியாத வரவுகளின் பட்டியலில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். வரவு 11,975 டாலர். 25 டாலரை இடையிலுள்ள வங்கி எடுத்திருக்கிறது. தாமதக் கட்டணத்தை ரத்து செய்துவிட்டார்கள், ஹோல்டும் போய்விட்டது.

பெண்டிங் எய்ட் பற்றி நீங்கள் சொன்னதுபோலவேதான். துறை உதவித்தொகைக்கு மகள் நிதியுதவிப் பக்கத்தில் ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த மறுநாள் 2,000 வரவானது. இப்போது கணக்கில் −1,037 என்று காட்டுகிறது. அதாவது அவர்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும்! நகை பீரோவிலேயே இருக்கிறது. இந்த 1,037 டாலரைத் திரும்ப வாங்கிவிடலாமா?

ஒஹாயோ மாணவன்:

மிக்க மகிழ்ச்சி அம்மா. திரும்ப வாங்க வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்த தொகை வந்த வழியிலேயே திரும்பினால் இரண்டு முறை செலாவணி மாற்றத்தில் நஷ்டம், இடையில் வங்கிச் செலவு வேறு. கணக்கிலேயே விட்டுவைக்க முடியுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஜனவரி செமஸ்டர் பில் வரும்போது அதில் கழிந்துவிடும். சில இடங்களில் மிகுதித் தொகையைத் தானாகவே திருப்பி அனுப்புவார்கள் என்பதால் சொல்லி வைப்பது நல்லது.

கோவை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

ஜனவரித் தொகைக்கு இப்போதே திட்டமிடுங்கள், டீச்சர். 2026 மார்ச் 31-க்குள் உங்கள் பெயரிலேயே மீண்டும் அனுப்பினால், 10 லட்சம் வரம்பு ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் முதல் ரூபாயிலிருந்தே 5 விழுக்காடு பிடிப்பார்கள். உங்கள் கணவரின் சொந்தச் சேமிப்பிலிருந்து அவர் பெயரில் அனுப்பினால் அவருக்குத் தனியாக 10 லட்சம் வரம்பு உண்டு. வங்கிக் கல்விக் கடன் எடுத்து அதிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் அறவே கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 80ஈ பிரிவில் வரும் நிறுவனத்தின் கடனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அனுப்பும்போது 71ஏ-இல் ஓயுஆர், அதாவது செலவெல்லாம் அனுப்புபவருடையது என்று போடச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாக இங்கே கட்டுவீர்கள், ஆனால் அங்கே பெரும்பாலும் முழுத்தொகை சேரும். கையெழுத்துப் போடும் முன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, பிரிவு 70-இல் மாணவர் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள்.

திண்டுக்கல் டீச்சர்:

அப்படியே செய்கிறேன். அவர் பெயரிலேயே அனுப்ப முடிவு செய்துவிட்டோம். மகள் என்னையும் அவரையும் அனுமதி பெற்ற பயனர்களாகச் சேர்த்துவிட்டாள். அடுத்த பில் வந்ததும் நாங்களே பார்க்கலாம். தென்காசி ஐயா, உங்கள் மகனின் பல்கலைக்கழகத்தில் தவணைத் திட்டத்துக்குக் கடைசி நாள் எப்போது என்று இன்றே கேட்டுவிடுங்கள். மகளின் இடத்தில் அது ஆகஸ்ட் 25.