பிரேக்கரைப் பூட்டிய பிறகும் மோட்டாரில் வோல்டேஜ் காட்டுகிறது, கை வைக்கலாமா?

கேள்வி:
415 வோல்ட் பம்ப் மோட்டாருக்குப் பேரிங் மாற்றணும். பேனலில் பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, டேக் மாட்டியாயிற்று. டெர்மினல் பாக்ஸைத் திறந்து டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் மூன்று லீடிலும் எர்த்துக்கு 80 வோல்ட் வாக்கில் ஆடுகிறது. நீளமான கேபிள், டிரேயில் மற்ற கேபிள்களோடு ஒட்டித்தான் வருகிறது. லீடைக் கழற்றலாமா?

மறுமொழி 1:
அது கோஸ்ட் வோல்டேஜ்ங்க. உண்மையான சப்ளை இல்லை, பக்கத்து கேபிளால் மீட்டரில் தெரிவது. தைரியமாகக் கழற்றுங்க.

மறுமொழி 2:
கழற்றாதீங்க! கோஸ்டாக இருக்கலாம்தான், ஆனால் அதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம், துளி கரண்ட் கசிந்தாலே எண் காட்டிவிடும். லோடு எடுக்கும் இருமுனை டெஸ்டரை வையுங்க. கோஸ்ட் என்றால் உடனே விழுந்துவிடும். விழவில்லை என்றால் எங்கிருந்தோ சப்ளை வருகிறது.

டெஸ்டரை முதலில் லைவ் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்க. பிறகு இங்கே ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த். முடிந்ததும் திரும்ப லைவில். நடுவில் டெஸ்டர் செத்துப்போனாலும் பூஜ்யம்தான் காட்டும்.

அப்புறம், பாக்ஸுக்குள் தனியாக இரண்டு மெல்லிய ஒயர் இருக்கா?

கேள்வி கேட்டவர்:
இருக்கு சார். இருமுனை டெஸ்டரில் மூன்று லீடும் பூஜ்யம். ஆனால் அந்த மெல்லிய ஒயரில் முழுசாக 230! பிரேக்கர் ஆஃப்தானே?

மறுமொழி 2:
அது ஸ்பேஸ் ஹீட்டர். சப்ளை வேறு போர்டிலிருந்து வந்திருக்கும். வைண்டிங்கில் ஈரம் சேராமலிருக்க, மோட்டார் நின்றதும் ஹீட்டர் ஓடுகிற மாதிரி கான்டாக்டரின் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்) என்சி கான்டாக்ட் வழியாகக் கொடுப்பார்கள்; கான்டாக்டர் ஆஃபில் இருக்கும்போது மூடியிருக்கும் முனை அது. அதாவது, நாம் வேலைக்கு இறங்கும் நேரம் பார்த்துத்தான் அதில் கரண்ட் இருக்கும். டிராயிங்கைப் பார்த்து அந்த ஹீட்டருக்கான எம்சிபியையும் (சின்ன பிரேக்கர்) இறக்கிப் பூட்டுங்க. பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டு) ஐசோலேஷன் பாயிண்ட், அதாவது சப்ளையைத் துண்டித்துப் பூட்டும் இடம், ஒன்றுதான் எழுதியிருந்தால் திருத்தி வாங்குங்க.

மறுமொழி 3:
டிரைவில் (வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓடுகிற மோட்டாரா? அப்படியென்றால் சப்ளையை நிறுத்திய பிறகும் டிரைவுக்குள் கெப்பாசிட்டரில் 580 வோல்ட் டிசி அளவுக்கு நிற்கும். மூடியில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து, அளந்து பார்த்துத் தொடணும்.

கேள்வி கேட்டவர்:
டிரைவ் இல்லை, டிஓஎல்தான் (நேரடியாக லைனில் ஓடுவது). ஹீட்டர் எம்சிபி லைட்டிங் போர்டில் பெயர் ஒட்டாமல் கிடந்தது. இறக்கிப் பூட்டியாச்சு, இப்போது அங்கேயும் பூஜ்யம். பர்மிட் திருத்தக் கொடுத்திருக்கேன்.

மறுமொழி 2:
சரி. பேரிங் மாற்றும் ஃபிட்டரும் இரண்டு பாயிண்டிலும் தன் சொந்தப் பூட்டைப் போடட்டும், சாவி அவர் பையிலேயே இருக்கட்டும்.