தம்பிக்கு ஸ்கோலின் ஒத்துக்கொள்ளவில்லை: எனக்கும் பரிசோதனை தேவையா?

ஈரோட்டு வாசகி:
சென்ற மாதம் என் தம்பிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. முடிந்த பிறகு நான்கு மணி நேரம் அவனால் விரலைக்கூட அசைக்க முடியாததால், செயற்கைச் சுவாசத்திலேயே வைத்திருந்தார்கள். பேச்சுக் குரல்கள் காதில் விழுந்தும் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்ததாகப் பிறகு சொன்னான். "ஸ்கோலின் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்களே தவிர, எதையும் எழுதித் தரவில்லை. நாங்கள் ஆரிய வைசியர். அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. இது பரம்பரையாக வரக்கூடியதா?

மயக்கவியல் மருத்துவர், கோவை:
வரக்கூடியதே. மயக்கத்தின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஸ்கோலின் எனப்படும் சக்சினைல்கோலினை இரத்தத்திலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி சிதைப்பதால்தான், அதனால் ஏற்படும் தசைத் தளர்ச்சி ஐந்து, பத்து நிமிடங்களில் விலகுகிறது. இந்நொதி பிறவியிலேயே செயல்படாதவர்களுக்கு அது மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவரை செயற்கைச் சுவாசமும் தூக்க மருந்தும் தொடர்ந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. உங்கள் தம்பிக்குத் தூக்க மருந்து போதவில்லை என்றே தோன்றுகிறது. அந்தத் தவிப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் சமூகத்தில் இக்குறைபாடு ஐரோப்பியரிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். நொதியின் 307ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் புரோலின் என்ற வேறொன்று அமர்வதே காரணம் என்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால்தான் நொதி முற்றிலும் செயலிழக்கும். தம்பிக்கு அது உறுதியானால், உடன்பிறந்த உங்களுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பூச்சிமருந்து குடித்தவர்களுக்குச் செய்யும் அதே கோலினெஸ்டரேஸ் இரத்தப் பரிசோதனையை இருவரும் செய்துகொள்ளுங்கள்.

மரபியல் மாணவர்:
சாதிப் பெயரைக் குறைபாட்டோடு இணைத்துப் படிப்பவர்கள் இதைத் தவறாகக் கொள்ளக் கூடாது என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சிறு எண்ணிக்கையிலான முன்னோரிலிருந்து பெருகி, நூறு தலைமுறைக்கும் மேலாக தங்கள் குழுவுக்குள்ளேயே மணம் செய்யும் உள்மணத்தையே பேணியவர்கள் வைசியர் என்று, ஐதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்த முன்னோர் ஒருவரிடம் தற்செயலாக இருந்த மாற்றம்கூட இப்படிப் பரவிவிட முடியும். வேறு உள்மணக் குழுக்களில் வேறு மாற்றங்கள் இவ்வாறே நிலைத்துள்ளன.

மயக்கவியல் மருத்துவர், கோவை:
உண்மை. பெயர் ஐயத்தை எழுப்பலாமே ஒழிய, முடிவு சொல்ல வேண்டியது இரத்தம்தான். கல்லீரல் நோயிலும் கர்ப்பக் காலத்திலும் இந்நொதியின் அளவு குறையும் என்பதால், அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவு குறைந்திருந்தால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்நொதியைச் சாராத ரோகுரோனியம் என்ற தசைத் தளர்ச்சி மருந்து போதும், அதே வகை மருந்தான மிவாகூரியத்தை மட்டும் ஸ்கோலினைப் போலவே தவிர்க்க வேண்டும். தம்பிக்குக் கொடுத்த மருந்தின் பெயரையும், தசை வலு திரும்பிய நேரத்தையும் அந்த மருத்துவமனையில் எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் மயக்கவியல் மருத்துவரிடம் அறுவைக்கு முன்பே காட்டுங்கள்.