பதில்: 'டூப்ளெக்ஸ்' அச்சுக்கு 'இருபக்க அச்சு' சரிதானா?

வணக்கம். பிரிண்ட் கொடுத்ததும் திரையில் வரும் அச்சிடும் பெட்டியைத் தமிழாக்குகிறோம். அதில் தாளின் முன்னும் பின்னும் அச்சிடும் 'டூப்ளெக்ஸ்' தெரிவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு.

> 'இருபக்க அச்சு' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆளுக்கொரு விதமாக. போன மாதம் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், 120 பக்க மொழிபெயர்ப்பைக் கொடுத்து, "ரெண்டு பக்கமா போடுங்க தம்பி, பேப்பர் மிச்சமாகும்" என்றேன். டீ குடித்துவிட்டு வந்தால் 60 தாள் தயார். கணக்கு சரி. ஆனால் ஒவ்வொரு தாளிலும் முன்னால் இரண்டு பக்கங்கள் எறும்பு எழுத்தில் ஒட்டி நிற்கின்றன, பின்னால் வெறும் வெள்ளை. தம்பியைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்டதைத்தான் போட்டிருந்தார். "பேக் டு பேக்னு சொல்லிருக்கலாம்ல சார்?" என்றார். மறுபடி 60 தாள். மிச்சம் பிடிக்கப் போனவன் 120 தாளைச் சுமந்துகொண்டு வீடு வந்தேன்.

கோளாறு 'பக்கம்' என்ற சொல்லில் இருக்கிறது. தாளின் முன்னும் பின்னும் பக்கம்தான், 1, 2 என்று எண் போடுவதும் பக்கம்தான். அச்சிடும் பெட்டியில் இவை தனித்தனித் தெரிவுகள். ஒன்று தாளைப் புரட்டிப் பின்னாலும் அச்சிடுவது. மற்றது பக்கங்களைச் சுருக்கி முன்னாலேயே இரண்டோ நான்கோ அடுக்குவது. இரண்டுமே தாளை மிச்சமாக்கும், சேர்த்துப் போட்டால் என் 120 பக்கம் 30 தாளில் முடிந்துவிடும். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டையும் தேர்வு செய்யக்கூடும் என்பதால்தான் பெயர்கள் மோதக் கூடாது என்கிறேன். கணினியும் அச்சுப்பொறியும் பேசிக்கொள்ளும் ஐ.பி.பி. அச்சு நெறிமுறையிலும் முதலாவதற்கு 'சைட்ஸ்', இரண்டாவதற்கு 'நம்பர்-அப்' என்றுதான் பெயர்.

ஆகவே தாள், புறம், பக்கம் என மூன்றையும் பிரித்துக்கொள்வோம். தாளுக்குப் புறம் இரண்டு. புறத்தில் பக்கம் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். டூப்ளெக்ஸுக்கு 'இருபுற அச்சு', மற்றதற்கு 'புறத்துக்கு 2 பக்கம்'. 'புறம்' ஏட்டுச் சொல் என்று தள்ள வேண்டாம், 'மறுபுறம் பார்க்க' என்று எழுதாத ஆள் உண்டா? இன்னொரு லாபமும் உண்டு. ஒரு புறம் அச்சாகி மறுபுறம் வெள்ளையாக இருப்பதைப் பிள்ளைகள் கணக்குப் போட எடுத்துவைக்கிறோமே, அதற்கு 'ரஃப் பேப்பர்' தவிரப் பெயரில்லை. 'மறுபுறத் தாள்' என்று சொல்லிப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

> தமிழ்நாடு அரசின் டி.என்.பி.எல். ஆலைத் தாள் கரும்புச் சக்கையில் செய்வது. இதற்கு இவ்வளவு பாடா?

சக்கையோடு மரக்கூழும் சேர்கிறது ஐயா, தண்ணீரும் மின்சாரமும் தனி. 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். 200 பக்க மனு ஒன்றுக்கு 5 படி எடுத்தால் ஒருபுறமாக 1000 தாள், அதாவது இரண்டு ரீம், 5 கிலோ. இருபுறமாகப் போட்டால் ஒரு ரீம். உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளில் இருபுறமும் அச்சிடும் முறைக்கு மாறிவிட்டது. ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளையைச் சுற்றி எத்தனை டைப்பிங் கடைகள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

---

வணக்கம் அண்ணே.

'இருபுற அச்சு'க்கு என் ஓட்டு. டூப்ளெக்ஸ் என்றே விடலாம் என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் சிவகாசியில் டூப்ளெக்ஸ் என்றால் பெட்டி செய்கிற அட்டை, அதனால் அது ஆகவே ஆகாது.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தாளை எந்த ஓரத்தை வைத்துப் புரட்டுவது என்று அடுத்த கேள்வி வருமே? அதில் தப்பினால் பின்புறம் தலைகீழாக விழும், அத்தனையும் குப்பை. 'புத்தகத் திருப்பு', 'காலண்டர் திருப்பு' என்று வைத்தால் எங்கள் ஊர்க் குழந்தைக்கும் புரியும்.

சிவகாசியிலிருந்து

---

தம்பி, 'திருப்பு' அருமை. வினாத்தாளின் அடியில் 'திருப்புக' என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். காலண்டரில்தான் இடிக்கிறது. நிமிர்ந்த தாளில் நீண்ட ஓரத்தில் திருப்பினால் புத்தகம். அதே தாளைப் படுக்கவைத்து அச்சிட்டால் நீண்ட ஓரம் மேலே போய், அது காலண்டராகிவிடும். மென்பொருள் கேட்பதோ ஓரத்தை மட்டும். அதனால் தெரிவின் பெயர் 'நீண்ட ஓரத்தில் திருப்பு', 'குறுகிய ஓரத்தில் திருப்பு' என்றே இருக்கட்டும். உங்கள் புத்தகத்தையும் காலண்டரையும் பக்கத்தில் சின்னப் படமாகப் போட்டுவிடலாம். (இந்தப் 'பக்கத்தில்' என்னைவிட்டுப் போகாது போலிருக்கிறது.)

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.