வேதாகம உதவிநூலும் விளையாட்டு வழிகாட்டியும்: எந்தப் பதிப்புக்கு எழுதினது எண்டு பார்க்கிறனீங்களோ?

வட்டுக்கோட்டைப் பக்கம் ஞாயிறு பாடசாலையில படிப்பிக்கிறன். என்ர வகுப்புப் பிள்ளைகள் வசனம் தேடுறதும் போனில, மைன்கிராஃப்ட் எண்ட தோண்டிக் கட்டுற விளையாட்டில வழி தேடுறதும் போனில. அதை நான் குறையாச் சொல்லமாட்டன். ஆனா அந்த வழிகாட்டி எந்தப் பதிப்புக்கு எழுதினது எண்டதை ரெண்டிலயும் ஒருத்தரும் பார்க்கிறேல்லை.

மருமகன் அந்த விளையாட்டில வைரம் தேடி மணிக்கணக்காத் தோண்டிக்கொண்டிருந்தவன். அவன் பார்த்த குறிப்பு, உயர ஆள்கூறு (எவ்வளவு உயரத்தில நிக்கிறம் எண்டு காட்டுற இலக்கம்) 11 இல தோண்டு எண்டுது. 2021 நவம்பரில 1.18 எண்ட பதிப்பு வந்தாப் பிறகு உலகத்தின்ர அடி -64 வரைக்கும் இறங்கீட்டுது. வைரம் கூடக் கிடைக்கிறது -59 ஐ அண்டித்தான். ஆள்கூறு காட்டுற பொத்தானைப் போட்டுவிட்டு, "இன்னும் கீழ போ தம்பி, லாவா கவனம்" எண்டன். கொஞ்ச நேரத்தில கல்லுக்குள்ள வைரத்தின்ர நீலம் தெரிஞ்சுது. "மாமா, அப்ப நெட்டில பொய்யும் போடுவினமோ?" எண்டு கேட்டான். பொய்யில்லை, எழுதேக்க அது சரி.

வேதாகமத்திலயும் இதே சங்கதிதான். இலவசமாக் கிடைக்கிற உதவிநூல்கள் கனக்கப் பழசு. ஸ்ட்ரோங் எண்டவரின்ர ஒத்தவாக்கிய அகராதி, ஒரு சொல் எந்தெந்த வசனத்தில வருது எண்டு காட்டுற நூல், 1890 இல வந்தது. எபிரேய, கிரேக்கச் சொற்களுக்கு அவர் போட்ட இலக்கங்களைத்தான் இண்டைக்கும் கன செயலிகள் பாவிக்குது. பெரிய கொடை அது, நான் வகுப்பில தவறாமல் பாவிக்கிறன். ஆனா கிங் ஜேம்ஸ் எண்ட பழைய ஆங்கில வேதாகமத்தை வைச்சுக் கட்டினது, அதுவும் சாக்கடல் சுருள்கள் எண்ட பழைய வேதாகமக் கையெழுத்துப் பிரதிகள் வெளியில வர முன்னம். அதில இருக்கிற விளக்கத்தோட மட்டும் நிண்டு பிரசங்கம் ஆயத்தம் பண்ணக்கூடாது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ.

*குருநகரிலிருந்து:*

மாஸ்டர் சொல்லுறது மெத்தச் சரி. அம்மம்மா தன்ர செத்தவீட்டில வாசிக்கவெண்டு பழைய செபப்புத்தகத்தில "சங்கீதம் 22" எண்டு குறிச்சு வைச்சிருந்தவா. தம்பி போனில 22 ஐத் திறந்து வாசிக்கத் தொடங்க, வந்தது கைவிடப்பட்டவரின்ர ஓலம். அவ கேட்டது மேய்ப்பர் சங்கீதம். பெரியப்பாதான் கிட்ட வந்து, "அது 23 மோனை" எண்டு காதுக்குள்ள சொன்னவர். பழைய கத்தோலிக்கப் புத்தகங்கள் கிரேக்க, லத்தீன் வரிசையில போறது. அதில 9 உம் 10 உம் ஒண்டு, அதால அங்கால பெரும்பாலும் ஒரு இலக்கம் குறையும். முடியிறது ரெண்டும் 150 இலதான்.

*மானிப்பாயிலிருந்து:*

போனில விளையாடுறவைக்கு ஒண்டு சொல்லுறன். உங்கட்ட இருக்கிற மைன்கிராஃப்ட், பெட்ரொக் எண்ட பதிப்பு. காணொளியில காட்டுற ரெட்ஸ்டோன் பொறி (விளையாட்டுக்குள்ள மின்சுற்று மாதிரிக் கட்டுறது) கனக்க கணினியில ஓடுற ஜாவாப் பதிப்புக்குக் கட்டினது, பிஸ்டன் எண்ட தள்ளுற கட்டை அசையாட்டி மனம் விடாதேங்கோ. விளையாடுறவையே சேர்ந்து எழுதுற மைன்கிராஃப்ட் விக்கி எண்ட வழிகாட்டித் தளத்தில எழுதுறவை 2023 இல தனித்தளத்துக்கு மாறீட்டினம், ஆனா பழைய பிரதியும் தேடலில வந்து நிக்குது. புதுசில கன பக்கங்களின்ர கீழ வரலாற்றுப் பகுதி இருக்கு. எந்தப் பதிப்பில எது மாறினது எண்டு வரிவரியாப் போட்டிருப்பினம்.

மாஸ்டர், ரெண்டு சங்கீத இலக்கத்தையும் பக்கத்தில பக்கத்தில காட்டுற தமிழ்ச் செயலி ஏதும் இருக்கோ? எங்கட வீட்டிலயும் அப்பிடியொரு பழைய செபப்புத்தகம் கிடக்கு.